இசக்கி செஞ்ச ரீமிக்ஸ்

செருப்பை வெளிய கழத்திட்டு வாங்க சார். அந்த ஸ்டூல்ல உக்காராதிய, அதுக்கு ஒரு கால் ஆடும். இங்கன, இந்த ஸ்பீக்கர் பொட்டி மேலேயே உக்காருங்க. கூச்சப்படாதிய, ரெண்டு ஆளு ஏறி நின்னு ஆடுனாலும் தாங்கும்.

சென்னையில இருந்தா வாரிய? புத்தகம் எழுதுதியளா? எலெக்ட்ரானிக் மியூசிக் பத்தியா? சின்ன ஊருகள்ல யாரு யாரு செய்தாவன்னு தேடிட்டு வாரியளாக்கும். நல்லது, எழுதுங்க. மொதல்ல எங்க போனிய, அதைச் சொல்லுங்க. இசக்கி கடைக்கா? நெனச்சேன். எல்லாரும் மொதல்ல அங்க போயிட்டுத்தான் இங்க வாராவ. "லியோன் அண்ணனையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க"ன்னு அவளா சொன்னா? சொல்லுவா சார். நல்லவ வேசம் கட்டுததுக்கு அவளுக்குச் சொல்லியா குடுக்கணும்?

எம் பேரு லியோன் மச்சாது. சரியா எழுதிக்கிடுங்க. போன தடவ ஒருத்தன் வந்து, எல்லாத்தையும் கேட்டுட்டுப் போயி, லியோன் மச்சான்னு எழுதிட்டான். இந்தத் தூத்துக்குடியில கம்ப்யூட்டர்ல பாட்டு செஞ்ச மொத ஆளு நான். இருவது வருசம் ஆச்சு. கீழ இருக்கது என் மைக் செட் கடை. கல்யாணம், திருநாளு, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் நம்ம பொட்டிதான் போவும். அது சோறு. இந்த மேல் ரூம்புதான் உசுரு. இங்கனதான் 'இரும்புக் கடல்' பிறந்துச்சு. கேட்டிருக்கியளா? என் பாட்டைக் கேக்கேன் சார், அவ செஞ்சதை இல்ல. கேட்டதில்ல. பாத்தியளா? ஒரிஜினலைக் கேக்கல, ரீமிக்ஸைக் கேட்டுட்டுப் புத்தகம் எழுத வந்துட்டிய.

சரி, நான் ஒண்ணு கேக்கேன், ரீமிக்ஸுன்னா என்ன? எழுதப்போறவரு நீங்க, சொல்லுங்க. வேண்டாம், நானே சொல்லுதேன். ஒருத்தன் கட்டுன வீட்டுக்கு இன்னொருத்தன் வெள்ளையடிக்கது. கலரை மாத்தலாம், லைட்டை மாத்தலாம், வாசல்ல ஒரு தோரணம் கட்டலாம். செவத்துல கை வைக்கப்படாது. அவ என்ன செஞ்சா? வீட்டை இடிச்சுத் தரைமட்டமாக்கிட்டு, கக்கூசை மட்டும் நிப்பாட்டி வச்சு, இதுதான் வீடுன்னு ஊரைக் கூட்டிக் காட்டிட்டா. அதைத்தான் சனம் ஆகா ஓகோங்குது.

நான் ஒரே ஒரு தடவதான் கேட்டேன் சார் அந்த எழவை. ஒரே தடவ. அதுக்கு மேல கேக்கச் சகிக்கல.

மொதல்ல இருந்து சொல்லுதேன், அப்பத்தான் உங்களுக்கு வெளங்கும். 'இரும்புக் கடல்' செய்ய எனக்கு ஒன்பது மாசம் ஆச்சு. ஹார்பர்ல கண்டெய்னர் தூக்குத கிரேன் இருக்குல்ல, அது நவுந்தா ஒரு ஹாரன் அடிக்கும். அந்த ஹாரனை எடுத்தேன். தோணி கட்டுத எடத்துல இரும்புச் சங்கிலியை இழுத்துப் போடுதாவ பாருங்க, அந்தச் சத்தத்தை எடுத்தேன். அதை வெட்டி, ஒட்டி, அடுக்கி, நிமிசத்துக்கு நூத்தி இருவத்தெட்டு அடின்னு கிக் போட்டேன். கிக்குன்னா கீழ்ச்சத்தம், நெஞ்சுல வந்து குத்துமே, அது. என் கிக்கு மாதிரி ஒரு கிக்கு இந்த ஜில்லாவுல கிடையாது. கல்யாண வீட்டுல போட்டுப் பாத்தேன், சாப்பாட்டுப் பந்தியில இலை ஆடுச்சு.

குரலு வேணுமேன்னு என் தம்பியைக் கூப்பிட்டேன். ரொமால்டு. என்னைவிடப் பதினாலு வயசு எளையவன். அப்போ தோணியில போய்ட்டிருந்தான். மீன் பிடிக்கதுன்னு நெனச்சிராதிய, சரக்குத் தோணி. இங்க இருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கல்லும் ஏத்திட்டுப் போவும். அவனுக்கு நல்ல சாரீரம். நல்லதுன்னா, நம்ம அளவுக்குச் சங்கீதம் தெரியாது, சும்மா பாடுவான். ஒத்தை வரிதான். 'கரை தெரியுது, கண்ணெரியுது.' அம்புட்டுதான் பாட்டு. அதைப் பாடுததுக்கு நாப்பத்தியொரு நிமிசம் எடுத்தான் சார் சவத்து மூதி. இந்தா, நீங்க உக்காந்திருக்க எடத்துலதான் மைக்கு முன்னால நின்னான். பாடுவான், நடுவுல மூச்சு வாங்குவான். பாடுவான், என் மூஞ்சியப் பாப்பான். எனக்கு ஏறிட்டு. ஏசிட்டேன். அண்ணன் தம்பியை ஏசுததுதானே? அவன் சிரிச்சுட்டான். பொறவு ரெண்டு தடவ பாடுனான், "போதும், போல"ன்னு அனுப்பிட்டேன். மொதல்ல பாடுனதுலயே மூணாவது தடவ கொஞ்சம் சுத்தமா இருந்துச்சு, அதை எடுத்துக்கிட்டேன்.

எடுத்து அப்படியே வைக்க முடியுமா? எலெக்ட்ரானிக் பாட்டுல மனுசக் குரலை அப்படியே வச்சா கோயில் பாட்டு ஆயிரும். அவன் குரலை இழுத்து, சப்பட்டையாக்கி, மிசின் குரலா மாத்தி, கிரேன் ஹாரனோட ஒட்டவச்சேன். ரெண்டு வாரம் ஆச்சு அதுக்கு மட்டும். எது ஹாரன், எது ரொமால்டுன்னு யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் சார் வேலைங்கது.

தோணி கட்டுத எடத்துலயே வச்சுப் பாட்டை வெளியிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. ரொமால்டு கூட வேலை பாக்க ஆளுக, தோணி ஓட்டுத தண்டல் மாருவ, ஒரு பதினோரு பேரைக் கூட்டிட்டு வந்திருந்தான். எல்லாரும் வெள்ளைச் சட்டை. "என் குரலு வருது, கேளுங்க"ன்னு சொல்லிச் சொல்லிக் கூட்டியாந்திருக்கான். பாட்டு அஞ்சு நிமிசம் ஓடுச்சு. முடிஞ்சுது. ஒரு வயசான தண்டல், "எங்கடே ஒங்குரலு?"ன்னாரு. இவன் என்கிட்ட வந்தான். "எங்கண்ணே?"ன்னான். நான் மைக்லயே சொன்னேன், "உள்ளதான் கெடக்கு, தேடிப் பாருல"ன்னு. எல்லாரும் சிரிச்சாவ. சிரிப்புக்குச் சொன்னது சார் அது. அந்த எடத்துக்கு அது நல்ல பதிலு. இவனும் சிரிச்சான், நான் பாத்தேன்.

பதினஞ்சாம் நாளு பம்பாய்க்குப் போயி எண்ணெய்க் கப்பல்ல ஏறிட்டான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. கப்பல்ல நல்ல வேலை, எல்லாரும் போறதுதான். எம் பொஞ்சாதி பியூலா இருக்காள்ல, அவகிட்ட மாசம் ஒருக்கா போன்ல பேசுவான். என்கிட்டப் பேச மாட்டான். நாலு வருசம். நானும் பேசல. எளையவந்தானே மொதல்ல பேசணும்?

இப்போ அந்த இசக்கிக்கு வருவோம்.

மூணு வருசம் ஆகியும் பாட்டு எடுபடல. பாட்டு நல்ல பாட்டு, சனத்துக்குக் காது இல்ல. அப்போ ஒரு யோசனை வந்துச்சு. ரீமிக்ஸ் போட்டி வைப்போம்னுட்டு, பாட்டைத் தனித்தனியாப் பிரிச்சு இன்டர்நெட்டுல போட்டேன். கிக்கு தனி, சங்கிலி தனி, ஹாரன் தனி, குரலு தனி. ஸ்டெம்முன்னு சொல்லுவோம். யாரு வேணும்னாலும் எடுத்து என்ன வேணும்னாலும் செய்யலாம்னு எழுதிப் போட்டேன். ஆமா, நான்தான் எழுதுனேன். ஒரு மரியாதைக்கு எழுதுததுதான சார் அது? வீட்டுக்கு வாரவங்களை "உங்க வீடு மாதிரி நெனச்சுக்கிடுங்க"ன்னு சொல்லுதோம், அதுக்காவ கட்டிலைத் தூக்கிட்டா போவாவ?

அதுல ஒரு தப்பு நடந்துட்டு. குரலு ஃபைலை வெட்டாமப் போட்டுட்டேன். அந்த நாப்பத்தியொரு நிமிசமும் அப்படியே போயிட்டு. மூச்சு வாங்குதது, தொண்டையச் செருமுதது, நான் ஏசுதது, எல்லாம். யாரும் அதைக் கேக்க மாட்டாவன்னு நெனச்சேன். அறுவத்தியொரு பேரு ரீமிக்ஸ் அனுப்புனாவ. அறுவது பேரு அதைத் தொடல. கிக்கை எடுத்துக்கிட்டு, அதை இன்னும் பெருசாக்கி அனுப்புனாவ. கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் என் கிக்கையே மூணு அடுக்கா அடுக்கிட்டாரு. அவருக்குத்தான் மொத பரிசு, ஒரு ஹெட்போன். இசக்கி அனுப்புனதை பத்து செகண்டு கேட்டேன். சத்தமே வரல. ஃபைலு கெட்டுப் போச்சுன்னு மூடிட்டேன். அவ அதைத் தன் பேர்ல இன்டர்நெட்டுல போட்டது எனக்கு அப்போ தெரியாது.

யாரு தெரியுமா அவ? இசக்கியம்மா. மோட்டார் காயில் கட்டுத கடைக்காரர் மக. மிக்ஸி, கிரைண்டரு, தண்ணி மோட்டார் எரிஞ்சு போனா அங்கதான் கொண்டு போவாவ. அப்பாவுக்கு முடியாம ஆன பொறவு இவதான் உக்காந்து காயில் கட்டுதா. முப்பது வயசு இருக்கும். கையெல்லாம் வார்னிசு. கடையில ஒரு ஓரத்துல பழைய லேப்டாப்பு. அதுல பாட்டு செய்தாளாம். காயில் கட்டுதவளுக்கு எதுக்கு சார் இந்தச் சோலி? எழுதிக்கிடுங்க, நான் சொன்னேன்னே எழுதிக்கிடுங்க. எனக்குப் பயம் கிடையாது.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் காலையில பல் தேய்ச்சிட்டு நிக்கேன். அடுப்படியில பியூலா போன்ல ஏதோ பாட்டு வச்சிருக்கா. மீன் கழுவிட்டே கேக்கா. எனக்கு நம்ம கிரேன் ஹாரன் மாதிரி தெரிஞ்சுது. ஆனா அப்படி ஒரு ஹாரனை நான் செய்யலியே, பூனை மடியில படுத்துட்டு ஒறுமுத மாதிரி மெதுவா வருது. "என்னது பியூலா?"ன்னேன். "ரொமால்டு பாடுதான்"னா. அவ கண்ணுல தண்ணி நிக்கி. மீன் கழுவுதப்ப எதுக்கு அழுவணும்? வெங்காயங்கூட இல்ல.

அப்பத்தான் கேட்டேன், அந்த ஒரு தடவ.

சொல்லுதேன், என்ன செஞ்சிருக்கான்னு கேளுங்க. மொத பதினோரு செகண்டு ஒண்ணுமே இல்ல. இந்த ரூம்பு மட்டும். அந்தா மேல சுத்துது பாருங்க, அந்த ஃபேனு டக்கு டக்குன்னு இடிக்கும்ல, அது. நான் நாலு நாளு உக்காந்து அழிச்ச சத்தம் சார் அது! பன்னெண்டாவது செகண்டுல ரொமால்டு தொண்டையச் செருமுதான். பொறவு ஹாரன். ஹாரனை எறக்கி எறக்கி, அவன் 'கரை'ன்னு தொடங்குவானே, அந்தச் சுதிக்குக் கொண்டு வந்து நிப்பாட்டிருக்கா. அவன் பாடத் தொடங்குனா ஹாரனும் கூடப் பாடுத மாதிரி இருக்கும். என் வேகம் நூத்தி இருவத்தெட்டா? அதைத் தொண்ணூத்திரண்டாக் கொறைச்சுட்டா. தாளத்துக்கு என்ன வச்சிருக்கா தெரியுமா? அவன் மூச்சை. மூச்சை இழுப்பாம்லா, அந்த 'ஸ்ஸ்'ஸை வெட்டி வெட்டித் தாளமா வச்சிருக்கா. இடது காதுல ஒண்ணு, வலது காதுல ஒண்ணு, வலதுல வாரது ஒரு மயிரிழை லேட்டு. வேணும்னே லேட்டு. நாலு நிமிசம் வரைக்கும் கிக்கே கிடையாது. என் கிக்கு!

அந்தக் கிக்கு எங்க வந்து விழுதுன்னு கேளுங்க. நாலு நிமிசம் பதினெட்டு செகண்டுல என் குரலு வருது. நான் ஏசுதது. "ஏல மூதி, மூச்ச எங்கடே விடுத?" அவன் சிரிக்கான். "இன்னொருக்கா பாடட்டாண்ணே?"ங்கான். அங்கன எல்லாம் நின்னுரும். ஹாரன் நின்னுரும், மூச்சு நின்னுரும், ஃபேனுகூட நின்னுரும். ஒண்ணரைத் தாள அடி நேரத்துக்கு ஒண்ணும் இருக்காது. அந்த வெறும் எடத்துல அந்த 'அண்ணே' மட்டும் தொங்கிட்டிருக்கும். பொறவுதான் என் கிக்கு முழுசா வந்து விழும், அதுமேல அவன் வாயத் தொறந்து பாடுவான்.

என்னை ஊரு முன்னால தம்பியை ஏசுத கொடுமைக்காரனாக் காட்டிட்டா. இதுக்குப் பேரு ரீமிக்ஸா? நீங்களே சொல்லுங்க.

அதுக்குப் பொறவு எங்க போனாலும் அதுதான். ஆட்டோவுல போட்டிருக்கான், பேன்சி கடையில போட்டிருக்கான். காலேஜு பிள்ளைய என்னையக் கண்டா, "அண்ணே, இன்னொருக்கா பாடட்டா?"ன்னு கேக்குதுவ. எங்கெங்க இருந்தெல்லாமோ கூப்பிடுதான், என்னைய இல்ல, அவளை.

ஆனி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு கல்யாண மண்டபத்துல மத்தியானம் மூணு மணிக்கு அவளுக்கு ஒரு நிகழ்ச்சி வச்சாவ. மைக் செட்டுகூட வேற கடையில எடுத்திருக்காவ சார். எங்கிட்ட கேக்கல. போனேன். எரநூறு பேரு இருப்பாவ. அவ மேடையில லேப்டாப்பு முன்னால நிக்கா, சுடிதாரு, முடியத் தூக்கிக் கட்டியிருக்கா. அந்தப் பாட்டு தொடங்குச்சு. ஃபேன் சத்தம் வந்ததுமே சனம் அமைதியாயிட்டு. நான் மூணு நிமிசம் போலப் பொறுத்தேன், பொறவு நேரா மேடையில ஏறி மைக்கைப் புடுங்கி, "இது என் பாட்டு. இது திருட்டு"ன்னேன்.

அவ பதறல. அதான் எனக்கு வெப்ராளம், ஆத்திரம் ஆத்திரமா வருது. "வாங்கண்ணே. இப்படி உக்காருங்க. ஒரு தடவ முழுசாக் கேளுங்க, பொறவு என்ன வேணும்னாலும் சொல்லுங்க"ன்னா. நாற்காலியை இழுத்துப் போடுதா. எனக்கு ஏறிட்டு. மெயின் வயரைப் பிடிச்சு இழுத்துட்டேன். மண்டபமே செத்த மாதிரி ஆயிட்டு. பாட்டு நாலு நிமிசந்தான் ஓடியிருக்கும், நான் ஏசுத எடம் இன்னும் வரல. கூட்டத்துல எவனோ ஒருத்தன், இன்னிக்கு வரைக்கும் எவன்னு தெரியல, "ஏல மூதி"ன்னான். ஒடனே எல்லாருமா, எரநூறு பேரும் சேந்து, "மூச்ச எங்கடே விடுத?"ன்னாவ. பொம்பளையளும் சேத்துத்தான். பொறவு எல்லாரும் ரொமால்டு மாதிரியே சிரிச்சாவ. அவன் எங்க நிறுத்துவானோ அங்க நிறுத்துனாவ. "இன்னொருக்கா பாடட்டாண்ணே?"ன்னு என் மூஞ்சியப் பாத்துக் கேட்டாவ. நான் கையில வயரோட நிக்கேன்.

நீங்க சிரிக்காதிய சார். சிரிச்சா எந்திரிச்சுப் போயிருங்க.

மக்காநாளு, விடிஞ்சதும் மொத வேலையாப் புகார் குடுத்தேன். பாட்டைப் போட்டு வைக்க அந்த வெப்சைட்டுக்காரனுக்கு. ஒரு ஃபாரம் இருக்கும். 'முழு உரிமையும் உங்களுடையதா?' ஆமா. 'பாடியவர் பெயர்?' அதுல எம் பேரைப் போட்டேன். என்ன பாக்கிய? ரொமால்டு பேரைப் போட்டா அவன் கையெழுத்துக் கேப்பான். கப்பல்ல இருக்கவன்கிட்ட நான் எங்க போயிக் கையெழுத்து வாங்க? ஏசுதது என் குரலுதானே, அப்போ நானும் பாடியிருக்கேன்னுதானே அர்த்தம்? மூணு எடத்துல புகார் குடுத்தேன், மூணுலயும் தூக்கிட்டான். அவ செஞ்ச மத்த பாட்டுவளையும் சேத்துத் தூக்கிட்டான். ஏழு வருசமாச் செஞ்சு வச்சிருந்தாளாம். அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் குடுத்திருப்பேன்.

நான் செயிச்சேன் சார். அதை எழுதுங்க.

அவ பதிலுக்கு ஒண்ணும் செய்யல. அவ நெனச்சிருந்தா, 'யாரு வேணும்னாலும் எடுக்கலாம்'னு நான் எழுதுனதைக் காட்டியிருக்கலாம். பாடுனது நான் இல்லன்னும் சொல்லியிருக்கலாம். கடைக்கு வந்தா. கையில வார்னிசு காயக்கூட இல்ல. "அண்ணன் தம்பி நடுவுல நான் பதில் புகார் எழுதிப் போட வரலண்ணே. எம் பேரை எடுத்திருங்க. உங்க பேர்லயே போட்டுக்கிடுங்க. பாட்டு இருந்தாப் போதும்"னா. பயந்துட்டா, வேற என்ன?

"எதுக்குளா நான் ஏசுததைப் போட்ட?"ன்னு கேட்டேன். அவ சொன்னதை அப்படியே சொல்லுதேன், நீங்களே பாத்துக்கிடுங்க. "ரிப்பேருக்கு மோட்டார் வந்தா மொதல்ல ஓடவிட்டுக் கேப்பேன்ணே. சத்தம் எங்க பெருசா வருதுன்னு பாக்க மாட்டேன், எங்க மாறுதுன்னு பாப்பேன். உங்க நாப்பத்தியொரு நிமிசத்தை எட்டு நாளு கேட்டேன். நீங்க ஏசுதது வரைக்கும் உங்க தம்பி பயந்து பயந்து பாடுதாவ. நீங்க ஏசுனிய, அவிய சிரிச்சிட்டாவ. அதுக்கப்புறம் பாடுதாவ பாருங்க, அதுதான் அவிய குரலு. நீங்க எடுத்தது அதுக்கு முந்தி உள்ளதுண்ணே. அந்த ஏச்சை எடுத்துட்டா, அந்தக் குரலு எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியாமப் போயிரும்."

எனக்கே பாடம் நடத்துதா. இருவது வருசமா இதே சோலியா இருக்கேன், எந்தப் பாட்டுல எது நல்ல டேக்குன்னு எனக்குத் தெரியாதா? "காயில் கட்டப் போளா"ன்னு அனுப்பிட்டேன். போகும்போது கீழ கடை வாசல்ல ஓடிட்டிருந்த ஜெனரேட்டரைப் பாத்து ஒரு நிமிசம் நின்னா. "பேரிங் போகப்போவுதுண்ணே, பாத்துக்கிடுங்க"ன்னுட்டுப் போனா. ஒரு வாரத்துல போயிட்டு. அவ கண்ணு பட்டுத்தான் போச்சு.

பாட்டைத் தூக்குன ஒம்பதாம் நாளு. காலையில பத்து மணி இருக்கும். போன் வருது. ஏதோ வெளிநாட்டு நம்பரு. எடுத்தா, "அண்ணே"ங்கான். நாலு வருசம் கழிச்சு. 'எப்படிடே இருக்க?'ன்னு கேக்கணும்னு வாய் வருது, அதுக்குள்ள அவன், "அந்தப் பாட்டைக் காணோமேண்ணே"ங்கான். எப்படி இருக்கன்னு இல்ல, அண்ணி எப்படி இருக்காவன்னு இல்ல. "எஞ்சின் ரூம்புல இருந்து மேல வந்ததும் அதைத்தான் கேப்பேன். இப்போ இல்லங்குது. எடுத்துட்டாவளா? உனக்கு ஏதாவது தெரியுமா?" பியூலா சொல்லியிருக்க மாட்டா போல. நானும் சொல்லல. "எந்தப் பாட்டு?"ன்னேன். "அதான், நீ என்ன ஏசுவியே, அந்த எடம் வருமே, அந்தப் பாட்டு"ன்னான்.

பாத்தியளா? நாலு வருசமா நான் ஏசுனதையே மனசுல வச்சுக்கிட்டு இருந்திருக்கான்! எம்புட்டு வஞ்சம் பாருங்க. அதைத் தெனமும் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கான். எல்லாம் அவளால வந்தது.

சரி, கெடக்குது, கேட்டுட்டானேன்னு, "நான் அனுப்புதேன்டே"ன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டுப் பாத்தா எங்கயும் இல்ல. நாந்தானே எல்லா எடத்துலயும் எடுக்க வச்சேன்? போட்டிக்கு அவ அனுப்புன ஃபைலையும் அன்னிக்கே அழிச்சிட்டேன். பியூலா, "இசக்கிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்"னா. செத்தாலும் கேக்க மாட்டேன். என்கிட்ட ஸ்டெம்மு எல்லாம் இருக்கு. அவ செஞ்சதை நான் செய்ய முடியாதா? உக்காந்தேன். அவ எடுத்த எல்லாத்தையும் எடுத்தேன். ஃபேனு, செருமல், ஹாரன், தொண்ணூத்திரண்டு. அந்தக் கடைசி டேக்கையும் எடுத்தேன். எதுன்னு தேடவே இல்ல, எனக்கு மனப்பாடம். ஏசுததை மட்டும் சுத்தமா வெட்டிட்டேன். அவன் மனசுல இருக்க வஞ்சத்தை நானே எதுக்குத் தூண்டணும்? அந்த எடத்துல அழகா ஒரு மணி அடிக்க மாதிரி போட்டேன். சொல்லப்போனா அவ செஞ்சதைவிடச் சுத்தமா இருந்துச்சு.

அனுப்புனேன். ரெண்டு நாளா பதிலு இல்ல. மூணாம் நாளு ஒரு வரி வந்துச்சு. "இது இல்லண்ணே."

மாத்தி அனுப்புனேன். கிக்கை முன்னால கொண்டு வந்தேன். "இது இல்ல." ஹாரனைக் கூட்டுனேன். "இல்லண்ணே, பரவால்ல விடு." இதுவரைக்கும் முப்பத்தி நாலு தடவ செஞ்சிருக்கேன் சார். இந்தா, கம்ப்யூட்டரைப் பாருங்க, வரிசையா நம்பர் போட்டு வச்சிருக்கேன். மூணுக்கு அப்புறம் அனுப்பல. எனக்கே தெரியுது, வரல. எது கொறையுதுன்னுதான் புடிபட மாட்டேங்குது. எல்லாம் இருக்கு. அடி சரியா இருக்கு, சுதி சரியா இருக்கு, அந்த ஒண்ணரை அடி வெறும் எடம் மில்லி செகண்டு மாறாம இருக்கு. அவ என்ன மாயம் வச்சான்னு தெரியல. கள்ளி.

புகாரை வாபஸ் வாங்கலாமேன்னு பாக்கியளா? ஒரு பட்டனைத் தட்டுனாப் போதும், எனக்கும் தெரியும். தட்ட மாட்டேன். மண்டபத்துல எரநூறு பேரு என்னையக் கேட்ட கேள்விக்கு நான் என்ன பதிலு சொல்ல? வாபஸ் வாங்கிட்டேன்னு புத்தகத்துல எழுதிராதிய. ரொமால்டு கப்பலு இப்போ எங்கன நிக்கோ தெரியல. அடுத்த மாசம் ஊருக்கு வாரானாம், பியூலாகிட்டச் சொல்லியிருக்கான். வந்தா எங்க தங்குவான்னு சொல்லல.

எழுந்திரிக்கியளா? இருங்க. ஒரு நிமிசம் இருங்க சார். ஒண்ணு கேக்கணும்.

நீங்க அந்தப் பாட்டைக் கேட்டுட்டுத்தானே புத்தகம் எழுத வந்திய? அதை எறக்கி வச்சிருக்கியளா? போன்ல இருக்கா? இல்லன்னு சொல்லாதிய, எழுதுத ஆளு எறக்கி வைக்காம இருக்க மாட்டிய. எனக்குக் கேக்கதுக்கு இல்ல. அவனுக்கு அனுப்பணும், அம்புட்டுதான். இசக்கிகிட்ட கேளுங்கன்னு சொல்லாதிய, அந்தப் பேச்சே வேண்டாம். நான் வாங்குனேன்னு அவகிட்டப் போயிச் சொல்லவும் சொல்லாதிய.

இருக்கா? அனுப்புங்க, இந்த நம்பருக்கு. வந்துட்டு. முழுசா இருக்கா? நடுவுல எவனும் வெட்டலியே? அதை எப்படித் தெரிஞ்சுக்கிடுதது, போட்டுப் பாத்தாத்தானே தெரியும்.

சரி, போடுங்க. இந்தா, இந்த வயரைச் சொருகுங்க. சத்தத்தைக் கொறச்சு வைங்க. இருங்க இருங்க, கதவைச் சாத்திட்டு வாரேன். கீழ பியூலா இருக்கா.